மூன்றாவது பட்டன்

“பட்டன் போடறாளா, இல்ல பட்டனை இனிமேதான் செய்யப் போறாளா?” என்று கேட்டார் அதிகாரி.

பயிற்சி டீச்சர் சிரித்து வைத்தார்.

ஆதரவற்றோர் விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதியோர் பராமரிப்பு சொல்லிக்கொடுத்து, வேலைக்கு அனுப்பும் மையம் அது. ஆள் எடுக்க ஒரு பராமரிப்புக் கம்பெனியிலிருந்து அதிகாரி வந்திருந்தார். தேறினால் வேலை, கூடவே தங்க இடம்.

பக்கத்திலிருந்த முதியோர் இல்லத்தில் வைத்துத் தேர்வு. ஆளுக்கு ஒரு பெரியவர். சட்டை மாற்றி, தலை வாரி, சக்கர நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

ஐந்து பெண்கள் முடித்துவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். ஆறாவது பெண் மட்டும் மூன்றாவது பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கூட்ஸ் வண்டி அவுட்டர்லயே நிக்குதுடி” என்றாள் ஒருத்தி.

“சிக்னல் விழலை போல.”

“சும்மா இருங்கடி” என்று அதட்டினார் டீச்சர். பிறகு அதிகாரியிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வேலை சுத்தம் சார். பக்கவாதம் வந்தவங்களுக்கு வராத கையைத்தான் முதல்ல சட்டைக்குள்ள விடணும். இவ ஒரு நாளும் மாத்திச் செஞ்சதில்ல. ஒரு அதட்டல் கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது...”

“எல்லாம் சரி டீச்சர். எங்க ஆளுங்க ஒரு ஷிப்டுல எட்டுப் பேரைப் பார்க்கணும். இவ ரெண்டாவது ஆளுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எட்டாவது ஆள் பட்டினி கிடப்பார்.”

கட்டிலில் இருந்த அம்மாள் ஒரு காலத்தில் தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டர். இப்போது வலது பக்கம் விழுந்துவிட்டது, நாக்கும் சரியாகப் புரளாது. கோணிய வாயால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெண் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பட்டன் அப்படியே இருந்தது.

அதிகாரி பேனாவை எடுத்தார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றார் டீச்சர். “அடுத்த மாசம் இவளுக்குப் பதினெட்டு முடியுது. விடுதியில பெட்டியைக் கட்டச் சொல்லிடுவாங்க. போய்த் தட்டறதுக்கு ஒரு கதவு கிடையாது. இன்னொரு தடவை பாருங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நான் புண்ணியக் கணக்கு எழுத வரலை. சரி, ஒரே ஒரு தடவை. இங்க வேண்டாம், சாப்பாட்டு நேரம் ஆச்சு.”

மையத்து வகுப்பறைக்குப் போனார்கள். மேஜை மேல் ஆள் உயரப் பயிற்சிப் பொம்மை படுத்திருந்தது.

“ஆரம்பி” என்றார் அதிகாரி. அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வந்தார்.

பொம்மை புதுச் சட்டை போட்டு, தலை வாரி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கால்கள் மிதியில் இருந்தன. பிரேக்கும் போட்டிருந்தாள்.

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“யாராவது கை கொடுத்தீங்களா?”

“இல்ல சார். அவளேதான் செஞ்சா” என்றார் டீச்சர். அவராலேயே நம்ப முடியவில்லை.

அதிகாரி பெண்ணைப் பார்த்தார். “கையில இவ்வளவு வேகத்தை வச்சுக்கிட்டு அங்க ஏன் அந்தக் கூத்து?”

பெண் தயங்கினாள்.

“அந்த அம்மாவுக்கு வார்த்தை மெதுவாத்தான் வரும் சார். ஒண்ணு சொல்லி முடிக்க நேரமாகும். நான் பட்டனைப் போட்டு முடிச்சுட்டா, இவ கிளம்பிடுவான்னு பாதியிலயே நிறுத்திக்குவாங்க. அதான்...”

“பொம்மைகிட்ட மட்டும்?”

“பொம்மைக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையே சார்.”

அதிகாரி கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

“கேட்கறதுக்கு நல்லாத்தாம்மா இருக்கு. எட்டுப் பேரும் ஆளுக்கொரு கதை சொன்னா என்ன பண்ணுவே?”

அவள் பொம்மையின் காலரை நீவிவிட்டாள்.

“வேகம் இல்லாதவங்களைப் பழக்கிடலாம். இருந்தும் காட்டாதவங்களை வச்சு நான் கம்பெனி நடத்த முடியாது. மன்னிச்சுக்கோ.”

ஐந்து பேர் தேறினார்கள். வராந்தாவில் ஒரே சத்தம். கேலி பேசியவள்தான் முதலில் உள்ளே வந்தாள். இவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பெண் பொம்மையைத் தூக்கி மேஜையில் கிடத்தினாள். கழற்றிய சட்டையை மடித்து வைத்தாள். டீச்சரால் அங்கே நிற்க முடியவில்லை. அதிகாரியை வழியனுப்புகிற சாக்கில் வெளியே வந்தார்.

கார் வரை போன அதிகாரி, கதவைத் திறந்தவர், மூடிவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஏதாவது மறந்துட்டீங்களா சார்?”

“இல்ல...” அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். “இது கம்பெனி விஷயம் இல்ல. சொந்த விஷயம். எங்க வீட்டுல அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அந்தப் பொண்ணை அனுப்பி வைக்க முடியுமா? தனி ரூம் இருக்கு. எங்களோடயே இருந்துக்கலாம். சம்பளமும் நானே தர்றேன்.”

டீச்சருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கம்பெனியில அத்தனை பேர் இருக்காங்களே சார். உங்க அம்மாவுக்கு அவங்கள்ல ஒருத்தரைப் போட்டுக்கக் கூடாதா?”

அதிகாரி கார் சாவியைப் பார்த்தபடி சொன்னார்:

“போட்டுப் பார்த்தாச்சு. அவங்கல்லாம் ரொம்ப வேகம், டீச்சர்.”