இலவச இணைப்பு

"கம்பத்துல கை வெச்சே, அப்புறம் நடக்கறதே வேற!"

பனி வாரும் மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரின் போட்ட சத்தம், மேட்டு வீட்டு லோர்னாவுக்கே கேட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடி வந்தாள்.

இன்டர்நெட் கம்பெனி ஆள் ஏணியோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான்.

"நீங்களே நியாயம் சொல்லுங்கம்மா. இவர் வீட்டுக்கு ஃப்ரீயா லைன் தர்றோம். மாசக் கட்டணமும் கிடையாது. அதுக்குப் போய் அடிக்க வர்றாரு!"

"ஃப்ரீயாவா? அப்படியே எங்க வீட்டுக்கும் இழுத்துடுங்களேன்."

"மேட்டுக்கெல்லாம் இழுத்தா கட்டுப்படி ஆகாதும்மா. இந்த முதல் வீட்டுக்கு மட்டும்தான் கம்பெனி உத்தரவு."

லோர்னாவுக்கு வயிறு எரிந்தது. அவள் கணவன் வெண்டெலின் நெஞ்சில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். இதயம் எப்படி ஓடுகிறது என்று அது தினமும் நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அதற்கு இன்டர்நெட் வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து அந்த மலைச் சாலையில் போன் பேசினாலே பாதி வார்த்தைதான் காதில் விழும், இன்டர்நெட்டுக்கு எங்கே போவது?

"ஏன் ஓரின், உனக்கென்ன கிறுக்கா? நாங்கள்லாம் ஏங்கிக் கிடக்கோம். உனக்கு வாசல் தேடி வருது. வாங்கிக்கிட்டா என்ன?"

"எனக்கு வேண்டாம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"வேண்டாம்னா வேண்டாம். விடு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லோர்னாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கஞ்சத்தனம் என்று சொல்லலாமென்றால், கொடுப்பதே இலவசம். இன்டர்நெட்டே பிடிக்காத மனிதர் என்றாலாவது மனசு ஆறும். அதுவும் இல்லை.

மறு வாரம் ஊர் நூலகத்துக்கு வெளியே அவருடைய வண்டி நின்றது. நூலகத்தைப் பூட்டின பிறகும் வைஃபை வாசல்வரை கிடைக்கும். ஓரின் வண்டிக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். குளிரில் மூக்கு சிவந்து போயிருந்தது. போனில் ஒரு கைக்குழந்தை. அலாஸ்காவிலிருக்கும் மகளுக்குப் பிறந்த பேத்தி.

வீட்டில் அடுப்புப் பக்கம் சொகுசாக உட்கார்ந்து கொஞ்ச வேண்டியவர், இங்கே வந்து விறைத்துப்போகிறார். லோர்னாவுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நம்மளையெல்லாம் வெறுப்பேத்தறதுக்குன்னே பண்றான்," என்றாள் வெண்டெலிடம்.

"ஓரின் அப்படிப்பட்ட ஆள் இல்லையே."

"அப்போ எதுக்காம்? நீதான் சொல்லேன்."

வெண்டெல் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"இருக்கட்டும். ஊர்க்கூட்டத்துல வெச்சுக்கறேன்."

மார்ச் மாதம் ஊர்க்கூட்டம் வந்தது. ஊரே ஒன்றாக உட்கார்ந்து, கைதூக்கிப் பதவிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள். சாலைப் பொறுப்பு பல வருஷமாக ஓரினிடம்தான். எதிர்த்து யாரும் ஒரு பேச்சுப் பேசியதில்லை.

லோர்னா எழுந்தாள்.

"வாசலுக்கு வந்த லைனையே மண்வெட்டியால விரட்டற மனுஷன்கிட்ட, எதை நம்பி நம்ம சாலையைக் கொடுக்கறது? ஏன் விரட்டினார்னு இப்பவாவது சொல்லட்டும்!"

எல்லோரும் ஓரினைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது என் வீட்டு விஷயம்," என்றார்.

அவ்வளவுதான். அடுத்த ஆளுக்கு மளமளவென்று கைகள் உயர்ந்தன. ஓரின் தோற்றுப்போனார்.

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "பனி தள்ளுற வண்டி காலையில கொஞ்சம் மக்கர் பண்ணும். புது ஆள்கிட்ட சொல்லிடுங்க," என்றபடி வெளியே போனார்.

நினைத்ததைச் சாதித்தும் லோர்னாவுக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை.

மத்தியானம், கூட்டத்துக்கு வந்தவர்கள் பீன்ஸும் ரொட்டியும் சாப்பிட்டு முடித்த நேரத்தில் சட்டசபை உறுப்பினர் பெர்னிஸ் அம்மாள் வந்து சேர்ந்தார்.

"நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன்! புதுச் சட்டத்துல உங்க மலைச் சாலைக்குப் பணம் ஒதுக்கியாச்சு. ஒரு வீடு விடாம எல்லாருக்கும் இன்டர்நெட் வருது!"

ஒரே கைதட்டல். வெண்டெல் லோர்னாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"மயிரிழையில தப்பிச்சோம்," என்றார் பெர்னிஸ் அம்மாள். "ஒரு சாலையில ஒரே ஒரு வீட்டுக்கு லைன் இருந்தாலும் போதும், சாலை மொத்தத்துக்கும் வசதி இருக்குன்னு சட்டம் எடுத்துக்கும். அப்புறம் சல்லிக்காசு வராது. அதனாலதான் கம்பெனிக்காரங்க முதல் வீட்டுக்கு மட்டும் ஃப்ரீயா இழுத்துவிட ஓடி வந்தாங்க. அரசாங்கப் பணத்துல வேற யாரும் போட்டிக்கு வந்துடக்கூடாதுல்ல?"

கைதட்டல் நின்றுபோனது.

"இது... ஓரினுக்குத் தெரியுமா?" லோர்னா எழுந்து கேட்டாள்.

"தெரியுமாவா? அவர்தான் என்னைத் தேடி வந்து இந்தச் சட்டத்தைப் பத்தித் துருவித் துருவிக் கேட்டார். எங்கே ஆளையே காணோம்?"

தலைகள் வாசல் பக்கம் திரும்பின.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" லோர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நானும் அதையேதான் கேட்டேன்." பெர்னிஸ் அம்மாள் சிரித்தார். "'அய்யய்யோ, சொன்னா அவ்வளவுதான்! எங்களுக்கு வராட்டாப் போகுது, நீ லைன் வாங்கிப் பேத்தியைப் பாருன்னு எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. அதுலயும் எங்க மேட்டு வீட்டு லோர்னா இருக்காளே, தங்கமான மனசு, வாங்க வெச்சுட்டுத்தான் மறுவேலை பார்ப்பா'ன்னாரு."