தம்பிக்கு ஒரு கூட்டம்

“தம்பிக்காக ஒரு கூட்டம் போடணும் சார். பெரியவங்க எல்லாரும் அவனைப் பத்திப் பேசணும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அந்த இளம் பாடகனின் அக்கா.

இலக்கியச் சங்கத் தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“ஐயோ, இருபத்தஞ்சு வயசுதானேம்மா! தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டாரும் கையுமா என்னமா பாடுவான்! நானே தலைமை தாங்குறேன். ‘எங்கள் மேடை வளர்த்த பிள்ளை’ன்னு ஆரம்பிச்சிடறேன்.”

“உங்க மேடையில அவன் ஒரு பாட்டுகூடப் பாடினதில்லையே சார். நானும் எத்தனை தடவை வந்து கேட்டேன்!”

“இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கும்மா?” என்று பெருந்தன்மையோடு அவளை மன்னித்தார் தலைவர். “அடுத்த மாசம் பெரிய ஹாலாவே பிடிச்சிடலாம். மேடை நிறைய அவன் படம். நம்ம செயலாளரும் பேசுவார். அவருக்குச் சரியான இடத்துல தொண்டை அடைக்கும்.”

சொல்லிக்கொண்டே ஒரு தாளை எடுத்து உரையை எழுதவும் தொடங்கிவிட்டார்.

“இந்த ஞாயித்துக்கிழமையே வச்சிடுங்க சார். சின்ன ஹால் போதும்.”

“என்னம்மா அவசரம்?”

“அடுத்த மாசம் வரைக்கும் தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க பேசுறதை அவன் காதால கேட்கணும் சார். முடிஞ்சா ஒரே ஒரு பாட்டு பாடிடுவான். மாடி ஏற முடியலன்னு கீழே கார்ல படுத்திருக்கான்.”

தலைவர் மெல்ல உட்கார்ந்தார். பேனாவை மூடினார்.

“உயிரோடவா இருக்கான்? இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? அப்படின்னா அவன் வரிசையிலதான் வரணும். மூத்த கவிஞர்களே முப்பது பேர் காத்துக்கிட்டிருக்காங்க.”