சுருக்காத மாப்பிள்ளை

“ஏளா, உன் மாப்பிள்ளை மெசேஜ் போடுதாரா, வக்கீல் நோட்டீஸ் அனுப்புதாரா?”

சித்தி மகள் ஜெபசுதா கேட்டதும் ஜெமிமா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். மாலை நேர ஆங்கில வகுப்பில் இருவருக்கும் ஒரே பெஞ்சு.

அன்றைய பாடம்தான் வினையாகிவிட்டது. “ஆபீஸ் லெட்டர்ல ‘டூ நாட்’, ‘ஐ ஆம்’னு முழுசா எழுதணும். வேண்டியவங்களுக்கு ‘டோன்ட்’, ‘ஐம்’னு சுருக்கிக்கிடலாம். எங்க நெருக்கமோ அங்க சுருக்கம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் தேவமணி சார்.

மாப்பிள்ளை வில்பிரட்டுக்குத் துறைமுகத்தில் வேலை. நிச்சயமானதிலிருந்து அவன் அனுப்பிய எல்லாவற்றையும் ஜெமிமா வரிசையாகப் பார்த்தாள். ‘ஐ ஆம் ஆன் டூட்டி.’ ‘டூ நாட் வெயிட் ஃபார் மை கால்.’ தான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். ஒன்றில்கூடச் சுருக்கம் இல்லை.

“அவருக்குச் சுருக்கி எழுதத் தெரியாதோ என்னமோ.”

ஜெபசுதா தயங்கித் தயங்கித் தன் கைப்பேசியை நீட்டினாள். கல்யாணக் கேக் விஷயமாக அவளுக்கு வில்பிரட் அனுப்பியிருந்தான். ‘டோன்ட் வொரி. ஐம் ஆர்டரிங் டுடே.’

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், இன்னாருக்கு இன்னார் என்று சபைக்கு அறிவிக்கும் கல்யாண ஓலை வாசிக்கப்போகிறார்கள். சபையே கேட்ட பிறகு நிறுத்தினால் அப்பா தலைநிமிர முடியாது. வேண்டாவெறுப்பாகக் கட்டிக்கொள்கிறவரோடு காலம் தள்ளவும் முடியாது.

வகுப்பு வாசல்படியில் நின்றே வில்பிரட்டைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“ஓலை வாசிக்க வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிருதேன்.”

“என்ன சொல்லுத? இரு, லைன்லயே இரு.”

கரகரப்புக்கு நடுவே அவன் யாரிடமோ பேசுவது கேட்டது. “யூ கேனாட் என்டர். ஐ ரிபீட், யூ கேனாட் என்டர்.”

திரும்பி வந்தான். “துறைமுக ரேடியோவுல இருக்கேன். ஒரு கப்பல்காரன் சொல்லாம உள்ள வரப் பாத்தான்.”

“கப்பல்காரனுக்கும் முழுசாத்தானா? ‘கேன்ட்’னு சொன்னா ஆகாதோ?”

“இந்த இரைச்சல்ல கடைசி எழுத்து கடல்ல விழுந்துரும். ‘கேன்’னு கேட்டுட்டு உள்ள வந்து முட்டிருவான். உயிர் போற காரியத்தை இங்க யாரும் சுருக்கிச் சொல்ல மாட்டோம்.”

“ஜெபசுதாவுக்கு மட்டும் சுருக்கி எழுதுதீங்க?”

“அவ தப்பா விளங்கிக்கிட்டா கேக்குதானே மாறும்?” என்றான். “நீ தப்பா விளங்கிக்கிட்டா நான் என்ன செய்வேன்?”

படியிலேயே உட்கார்ந்தாள் ஜெமிமா.

“ஓலை வாசிக்கட்டும்,” என்றாள். “முழுசா.”