திருப்பி ஓட்டிய டேப்

“கடைசிப் பாட்டுல கித்தாருக்கு அடியில ஒண்ணு ஊளையிடுதே, அது என்னா வாத்தியம் தம்பி?” என்று கேட்டார் இராமலிங்கம்.

கிள்ளானில் கேசட் கம்பெனி வைத்திருப்பவர் அவர். ‘ஊதா லோரி’ இசைக்குழுவின் இரண்டாவது ரெக்கார்டைக் கேட்டுவிட்டு, அதில் கித்தார் வாசிக்கும் விஜயனின் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைத் தேடி வந்திருந்தார். எழுபத்தாறில் வந்த முதல் ரெக்கார்டை நாய்கூடச் சீந்தவில்லை. கோலாலம்பூரில் முடி வளர்த்த பையன்கள் எல்லாருமே அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இது வேறு மாதிரி இருக்கிறது, கேட்டால் தலை கிறுகிறுக்கிறது, அடுத்த ரெக்கார்டை நானே போடுகிறேன் என்றார்.

இந்த வார்த்தைக்குத்தான் விஜயன் இரண்டு வருடமாகத் தவம் கிடந்தான். வந்ததும் வந்தது, இந்தக் கேள்வியோடா வர வேண்டும்? கித்தார் கம்பியை முறுக்குகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

டிரம்ஸ் வாசிக்கும் நாகையா முந்திக்கொண்டான். “வாத்தியம் இல்ல அங்கிள். யாரோ ஒரு அம்மா ஒப்பாரி வைக்கிறது. ஸ்டூடியோல டேப்ப தலைகீழாத் திருப்பி ஓட்டிட்டோம். அவ்வளவுதான்லா.”

“ஒப்பாரியா? எங்க புடிச்சீங்க?”

நாகையா விஜயனைப் பார்த்தான். அவன் குழுவில் சேர்ந்தே ஆறு மாதம்தான் ஆகிறது. டேப்பைக் கொண்டுவந்தது விஜயன் என்பதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரியாது.

“ஒரு சாவு வீட்டுல,” என்றான் விஜயன். “சின்ன ரெக்கார்டர் கையில இருந்துச்சு. சொல்லாமத்தான் எடுத்தேன்.”

சொல்லும்போதே காது மடல் சுட்டது. கூடம் நிறைய ஆட்கள் அழுதுகொண்டிருக்க, அவன் மட்டும் ஓரமாக நின்று சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை மூச்சு வாங்க நின்றபோது, ஐயோ இதோடு நிறுத்திவிடக் கூடாதே என்று பதறினான். மனிதன் பதற வேண்டியது அதற்காகவா? அதை நினைத்தால் இப்போதும் அவனுக்குத் தன் முகத்திலேயே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

இராமலிங்கத்துக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. அடுத்த மாதம் கிள்ளானில் மேடை போடப்போவதாகவும், அந்தப் பெண்ணையே மைக் முன்னால் உட்கார வைத்தால் கூட்டம் மிரண்டுவிடும் என்றும் சொன்னார். ஆளைக் கூட்டி வந்தால் ரெக்கார்டு உறுதி, இல்லாவிட்டால் யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் மெல்லச் சேர்த்துக்கொண்டார்.

“கூலிக்கு மாரடிக்க வந்தவதானே? அம்பது வெள்ளி குடுத்தா வந்து அழுதுட்டுப் போறா. என்னா சொல்ற?”

இல்லை என்றால், பிறகு யார் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல விஜயனுக்குத் துணிச்சல் இல்லை.

“ஆமா அங்கிள், கூலிக்கு வந்தவங்கதான்,” என்றான். “தேடிப் பார்க்கறேன்.”

அப்போது திரையை விலக்கிக்கொண்டு அவன் அம்மா வீரம்மா டீ கொண்டுவந்தார். இராமலிங்கம் எழுந்து, உங்கள் மகன் பெரிய ஆளாக வரப்போகிறான் அக்கா என்றார். வீரம்மா தலையை ஆட்டிக்கொண்டு அவருக்கு ஒரு கோப்பை, நாகையாவுக்கு ஒரு கோப்பை வைத்தார். மூன்றாவதை மகன் கையில் கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்தார். குரலில் கோபமே இல்லை.

“எனக்கு யாரும் கூலி குடுக்கலையே ராசா. ஒங்கப்பாவக் கெடத்தியிருந்தப்ப நீ அந்தப் பொட்டிய அழுத்துனதப் பார்த்துட்டுத்தான் அழுதேன், அவரு ஞாபகமா நீ வச்சுக்கப் போறன்னு நெனச்சேன்.”