விசாரிக்கப் போன இடத்தில்

தலையில் போட்ட துண்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கள்ளக்குறிச்சி பைபாஸ் ஓரத்து ஒயின்ஷாப் வாசலுக்கு நைசாக வந்து சேர்ந்தார் அய்யனார். சொந்த ஊரான வடக்கனந்தல் ஆள் எவனாவது பார்த்துவிட்டால் மானம் கப்பலேறிவிடும். உரம் வாங்கப் போவதாகப் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். தினமும் உரம் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினால் எவள் நம்புவாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

வாசலை ஒட்டித் தள்ளுவண்டியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த பழனி, துண்டுக்குள்ளேயும் ஆளை அடையாளம் கண்டு சிரித்தான்.

"வாங்க பெரியவரே, இன்னிக்கும் வந்துட்டீங்களா? உங்க ஸ்டூல யாருக்கும் குடுக்கல."

காய்ந்த மிளகாய்ப் புகை குப்பென்று எழுந்து அய்யனாரின் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. வந்த காரணத்தை இவனிடம் சொல்ல முடியுமா? வாயில் வந்ததைச் சொல்லி வைத்தார்.

"இன்னா பண்றது பழனி, வராம இருக்க முடியலயே" என்று துண்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளதைச் சொன்னால், அய்யனார் ஒரு சொட்டும் தொடாத மனுஷன். மாப்பிள்ளையாக வரப்போகிறவனை வேவு பார்க்கத்தான் வந்திருந்தார்.

மகள் சந்தியாவுக்கு வந்த வரன்களையெல்லாம் அவரே தட்டிக் கழித்திருந்தார். கையில் பச்சை குத்தியவன் ரவுடி, பேசாமல் இருந்தவன் அழுத்தக்காரன், கலகலவென்று பேசியவன் டுபாக்கூர். மாட்டுச் சந்தையில் சுழி பார்த்தே குணத்தைச் சொல்கிற தனக்கு மனுஷன் எம்மாத்திரம் என்று ஒரு நினைப்பு. அப்படிச் சுழி பார்த்து வாங்கி வந்த பசு, கறக்க உட்கார்ந்தவரை எட்டி உதைத்த கதையை மட்டும் வெளியில் சொல்வதில்லை.

இப்போது வந்திருப்பவன் சுபாஷ். கள்ளக்குறிச்சியில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பெண் பார்க்க வந்த அன்றே சந்தியாவுக்குப் பிடித்துப்போய், "இவரையும் வேணாம்னு சொன்னின்னா, அப்புறம் எனக்குக் கல்யாணப் பேச்சே எடுக்காதப்பா" என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பூ வைப்பதாக முடிவாகியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துக் காட்டுக்காரர், "பையன தெனம் ஒயின்ஷாப்பாண்ட பாக்கறேனே" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார்.

முந்தின நாட்களில் சீக்கிரமே வீடு திரும்பிவிட்டதால் ஆள் கண்ணில் படவில்லை. இன்று, அதோ, சுபாஷின் பைக். வந்தான், வண்டியை நிறுத்தினான், விறுவிறுவென்று உள்ளே போனான். திரும்பி வரும்போது ஒரு ஆள் அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடினார்கள்.

அய்யனார் எட்டிப் பார்த்த வேகத்தில் துண்டு நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

'குடிகாரப் பய. கூட்டாளி வேறயா?' என்று பல்லைக் கடித்தார். தன் கணக்கு தப்பவில்லை என்று உள்ளூர ஒரு பெருமைகூட வந்தது. மகளை நினைத்ததும் அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது சந்தியா புது ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உரம் கிடைக்கவில்லை என்று முணுமுணுத்துவிட்டுப் படுக்கப் போனார். மறுநாள் மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்துதான் பெண்டாட்டி பெரியநாயகியிடம் போட்டு உடைத்தார்.

"இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம். பையன் மொடாக்குடியன். ஒயின்ஷாப்ல ஒருத்தன் தோள்ல கையப் போட்டுகினு ஆடிகினு வர்றான். என் கண்ணால பாத்தேன்."

பெரியநாயகியின் முகம் வீங்கியிருந்தது.

"அது பையனோட சித்தப்பாங்க. கருணாபுரத்துல சாராயம் குடிச்சி அத்தினி பேரு செத்தாங்களே, அதுல அவருகூட வேல செஞ்சவங்களும் பூட்டாங்களாம். அதுலேர்ந்து அவர தனியா வுடறதில்ல. பையன்தான் தெனம் போயி, வண்டியில ஏத்தியாந்து வூட்ல வுடுதாம். பையன் சொட்டு தொடாதாம். இப்பதான் புரோக்கர் வீரமணி போன்ல சொன்னாரு."

அய்யனார் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையில் இரண்டு தட்டு தட்டிக்கொண்டார்.

"மாட்டுக்குச் சுழி பாக்கறவன் மனுஷனுக்குப் பாத்தா இந்தக் கதிதான். அந்தப் பசு ஒதச்சப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும். நல்ல புள்ளைய இன்னா பேச்சு பேசிட்டேன்!" எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "வெள்ளிக்கெழம வரைக்கும் இன்னாத்துக்கு? நாளைக்கே பூ வெச்சிடலாம். வீரமணிக்குப் போன் போடு."

"அவங்க நம்ம பொண்ணு வேணாம்னுட்டாங்க."

உள்ளறையில் சந்தியா விசும்புவது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

"வேணாமா? ஏனாம்?"

"உங்கள ஒயின்ஷாப்பாண்ட பாத்துச்சாம் பையன். கண்ணால பாத்தத மட்டும் வெச்சி ஒருத்தரத் தப்பா நெனைக்கக் கூடாதுன்னு, திரும்ப வந்து சுண்டல்காரராண்ட விசாரிச்சிச்சாம்."

அய்யனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அட, பழனிகிட்டயா? அவன் தங்கமான ஆளாச்சே. உள்ளத உள்ளபடி சொல்லுவான். இன்னா சொன்னானாம்?"

பெரியநாயகி மூக்கைச் சிந்திக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"‘வராம இருக்க முடியலயே’ன்னு கண்ணு கலங்கினீங்களாமே!"