மடி பத்திரம்

"நீங்க வாயைத் தொறந்தாத்தான் பாய், இந்த ஊர்ல மடி அறுபடுது!"

தேர்க் கமிட்டித் தலைவர் ஆவுடையப்பன் இப்படி முகத்துக்கு நேரே சொன்னதும் ஹனீபாவுக்குச் சுருக்கென்றது. யுத்தம் முடிந்த வருஷத்திலிருந்து கருவேலவயல் தேருக்கு மைக் செட் கட்டுகிறவர் அவர்தான். பாட்டுத் தட்டுப் போடுவார், காணாமல் போன பிள்ளையைக் கூவிச் சேர்த்து வைப்பார், "முடிச்சவிழ்க்கிகள் ஜாக்கிரதை, மடி பத்திரம்!" என்று நேரத்துக்கு எச்சரிப்பார்.

போன வருஷம் எச்சரித்துவிட்டு ஒரு பாட்டுப் போட்டார். பாட்டு முடியவில்லை, அதற்குள் பொன்னுத்தாய் மகள் கல்யாணத்துக்கென்று இடுப்பில் முடிந்து வைத்திருந்த பணம் போய்விட்டது. தேரடியில் விழுந்து புரண்டு அழுதாள். அன்றிலிருந்து ஊருக்குள் ஒரு பேச்சு: பாய் மைக்கில் சொல்வதே திருடனுக்குச் சைகைதான்!

"அல்லா அறிய நல்லதுக்குத்தாங்க சொன்னேன்" என்றார் ஹனீபா.

"இருக்கட்டும். இந்த வருஷம் அந்தப் பேச்சே கூடாது. இன்னைக்கு ஒரு மடி அறுந்துச்சு, அடுத்த தேருக்கு நீங்க இல்லை. அம்புட்டுத்தான்."

இந்த ஊர் கைவிட்டால் எந்த ஊர் கூப்பிடும்? தொழில் போனால் போகிறது, திருட்டுப் பட்டத்தோடு எப்படிக் கடைத்தெருவில் நடப்பது? ஹனீபா தலையைக் குனிந்துகொண்டார்.

பக்கத்தில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் குறுக்கிட்டார்.

"பேசணும். தேர் தெக்கு வீதி திரும்புறப்ப பாய் அதைச் சொல்லியே ஆகணும்."

ஹனீபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, என்னைய விட்டுருங்க! மறுபடியும் எவன் மடியாச்சும் போச்சுன்னா என்னைய உயிரோட பொதச்சுருவாங்க."

"இந்த வருஷம் போலீஸ் மட்டும் இல்லை பாய். பஞ்சாயத்து போர்டுல மூலைக்கு மூலை பரண் கட்டிக் குடுத்திருக்காங்க. பரண்ல நிக்க அன்னவாசல் பக்கத்துத் தலையாரிங்க வந்திருக்காங்க. உள்ளூர்த் தலையாரின்னா திருடனுக்கு மூஞ்சி தெரியும் பாருங்க. பஸ் கண்டக்டருங்க என் ஆளுங்களோட வீதி முனையில நிக்கிறாங்க. எல்லாரும் சேந்து ஒரு கை பாக்குறோம், நீங்க மட்டும் பின்வாங்குனா எப்படி?"

"பரண் மேல ஏறி என்னத்தைப் பாப்பாங்க?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"அது எனக்கும் அவங்களுக்கும் தெரிஞ்சாப் போதும். வெளிய கசிஞ்சா காரியம் கெட்டுரும்."

தன்னிடமே மறைக்கிறாரே என்று தலைவருக்கு மூக்கு விடைத்தது. "அப்பச் சரி! நானும் கூட்டத்துக்குள்ள நின்னு பாக்குறேன். பாய் பேசுனதும் எவன் கை எவன் மடிக்குப் போகுதுன்னு என் ரெண்டு கண்ணால பாக்காம விடுறதில்லை!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

தேர் தெற்கு வீதி திரும்பியது. வெயிலென்றால் அப்படியொரு வெயில், அதில் எள் விழ இடமில்லாத கூட்டம். சப்-இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். ஹனீபா மைக்கைப் பிடித்தார்.

"பக்தகோடிகளே! முடிச்சவிழ்க்கிகள் கூட்டத்தில் இருக்கிறார்கள். மடி பத்திரம்! மடி பத்திரம்!"

மற்ற வருஷமென்றால் பேசிய கையோடு தட்டு மாற்றக் குனிந்துவிடுவார். இன்று பயத்தில் குனியத் தோன்றவில்லை. மேடையிலிருந்து கூட்டத்தையே பார்த்தார். ஒருவர் கை இடுப்புக்குப் போனது, இன்னொருவர் கை தலைப்பாகைக்கு. ஒரு பெண்பிள்ளை முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அடப் பாவமே! தன் பேச்சைக் கேட்டு இந்த ஊரே பணம் இருக்கும் இடத்தைத் திருடனுக்குத் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறதே! இத்தனை வருஷமும் இதுவா நடந்தது? ஹனீபா மைக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்தது கதை என்றிருந்தது.

அப்போதுதான் மூலைப் பரணில் ஒரு சிவப்புத் துண்டு ஆடியது. அடுத்த பரணிலும் ஆடியது. விசில் பறந்தது. கண்டக்டர்களும் போலீசும் கூட்டத்துக்குள் பாய்ந்து, ஒவ்வொருத்தனாகப் பிடரியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். விரலிடுக்கில் பிளேடுத் துண்டு! வேட்டி மடிப்பில் சற்றுமுன் கிழக்கு வீதியில் அறுத்த சுருக்குப்பைகள்!

"இவன்தான்! போன வருஷம் என் பக்கத்துல நின்னவன் இவன்தான்!" என்று பொன்னுத்தாய் கத்தினாள். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ ஹனீபாவின் கழுத்தில் தேர் மாலையிலிருந்து ஒரு சரத்தைப் பிய்த்துப் போட்டார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படிங்க ஐயா, திருடன் யாருன்னு அம்புட்டு உசரத்துலேருந்து தெரிஞ்சுச்சு?" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்குமுன் கூட்டத்தை இடித்துக்கொண்டு அன்னவாசல் தலையாரி அடைக்கலம் வந்தார். அவர் பிடியில் வேர்த்து விறுவிறுத்து, துண்டு எங்கேயோ போய், தேர்க் கமிட்டித் தலைவர் ஆவுடையப்பன்!

"ஐயா, இன்னொருத்தனும் சிக்கிட்டான்! நீங்க சொன்ன அடையாளம் அச்சு அசலா இருக்குங்க. மைக்குல சொன்னதும் ஊரு பூரா அவுகவுக மடியைத் தொட்டுச்சு, இந்தாளு மட்டும் தன் மடியைத் தொடாம மத்தவுக மடியையே பாத்துக்கிட்டு நின்னான்!"