மாடியின் இரண்டாவது வாசல்

"எழுதினவன் கையை ஒடிக்கணும்," என்றார் வாஹித் பாஷா, அன்று காலையில் நான்காவது முறையாக.

ஆம்பூரில் அவருடைய ஷூ கம்பெனியின் புது மாடியில் திங்கட்கிழமை தையல் செக்‌ஷன் தொடங்கியாக வேண்டும். இருநூற்று நாற்பது பெண்கள், ஜெர்மனி ஆர்டர், எல்லாம் தயார். தீயணைப்புத் துறையின் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அதற்குள் எவனோ மொட்டைக் கடிதாசி போட்டுவிட்டான். பதினொரு மணிக்கு அதிகாரி வருகிறார்.

"அப்ரூவல் வாங்குறது உன் வேலை. இல்லன்னா உனக்கு எதுக்குப்பா புராஜெக்ட் மேனேஜர்னு பேரு?"

நவநீதன் பிளானை எடுத்து மேஜைமேல் விரித்தான். பாயின் வாணியம்பாடி டேனரியில், தோல் அளக்கும் மேஜையில் பத்து வருடம் நின்று மேலே வந்தவன். அதிகம் பேசமாட்டான்.

"அந்தக் கொத்தனார் காசிநாதன்தான். போன மாசம் என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போனான் இல்ல?"

"அவரா இருக்காது பாய்."

"உனக்கு இன்னா தெரியும்?"

பாய் உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னலுக்குப் போனார். கையிலிருந்த டீயை ஆறவிட்டு, சூடாக இல்லை என்று வேறு டீ கேட்டார்.

அதிகாரி சோபனா வந்ததும் நேராக மாடியின் இரண்டாவது வாசலுக்குப் போனார்.

பிளானில் அது நான்கு அடி அகலம். அதைச் சுருக்கிச் சுவர் எழுப்பி, பக்கத்தில் தோல் கட்டு அடுக்க ஓர் அறை கட்டச் சொன்னவர் பாய். "வேணாம் பாய்" என்று நவநீதன் மூன்று முறை சொன்னதும், "வேலை பார்க்க இஷ்டமில்லன்னா சொல்லிடு" என்று பாய் ஒரே முறை சொன்னதும் பழைய கதை.

"சின்ன அட்ஜஸ்ட்மென்ட் மேடம். தாராளமா போகலாம்."

"அப்படியா? நீங்களும் மேனேஜரும் ஒண்ணா வெளியே வாங்க, பார்க்கலாம்."

வந்தார்கள். நடுவாசலில் நின்றார்கள். பாயின் வயிறும் நவநீதனின் தோளும் கதவு நிலையும் ஓர் உடன்பாட்டுக்கு வரவில்லை.

"நகருப்பா!"

"முடியல பாய்."

"இப்போ உங்க பின்னாடி இருநூத்து நாப்பது பொம்பளைங்க," என்றார் சோபனா. "அவங்க பின்னாடி நெருப்பு."

பாய் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

சோபனா டேப்பை வைத்து அளந்தார். இரண்டு அடி ஒன்பது அங்குலம்.

"கடிதாசியில இந்த வாசலோட அகலம் ரெண்டுன்னு போட்டு, அதுக்குத் தலைமேல குட்டியா ஒரு மூணு போட்டிருக்கு. எங்க ஆபீஸ்ல யாருக்கும் புரியல. அதான் நேர்ல அளக்க வந்தேன். உங்களுக்குப் புரியுதா?"

பாய் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பத்து வரிக் கடிதத்தைப் படிக்கத் தேவையான நேரத்தைவிட ஜாஸ்தி நேரம் பார்த்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கும் புரியல மேடம்."

வாசலை அகலப்படுத்தினால்தான் சான்றிதழ் என்று சொல்லிவிட்டு சோபனா கிளம்பினார். ஜீப் கேட்டைத் தாண்டியதும் பாய் நவநீதன் பக்கம் திரும்பினார்.

"காசிநாதனைக் கூப்பிடு. இன்னிக்கே அந்தச் சுவரை இடிக்கணும்."

"திங்கட்கிழமை பாய்?"

"தள்ளிப் போகட்டும். நாம ரெண்டு பேரே மாட்டிக்கிட்டோம்."

நவநீதன் அவசரமாகப் படியிறங்கினான்.

"நவநீதா!"

பாதிப் படியில் நின்றான்.

"ரெண்டே முக்காலை, ரெண்டு போட்டுத் தலைமேல மூணுன்னு எழுதுறது தோலுக்குப் பின்னாடி சாக்பீஸ்ல சரி. கவர்மென்ட்டுக்கு எழுதுறப்போ அடி, இன்ச்சுல எழுதுப்பா."